தோலை நம்பி மருந்து அடிக்க முடியாது

"வாயில போனாத்தான் விஷம், மேல பட்டா கழுவிக்கலாம்." குளுவாங், சிகாமட், லாபிஸ், கோத்தா திங்கி என்று ஜொகூரின் எந்தத் தோட்டப்புறத்தில் விசாரித்தாலும், மருந்து பம்பைச் சுமந்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். பெரட்டில் மண்டோர் சொன்னது, பிறகு மருந்து அடித்தவர்களே புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குச் சொல்லும் அறிவுரை ஆனது. "அடிச்சு அடிச்சு உடம்பு பழகிப்போச்சு", "நம்ம தோலு தாங்கும்" என்று அதற்குத் துணையாக வேறு பேச்சுகளும் சேர்ந்துகொண்டன.

இவை வெறும் அறியாமைப் பேச்சுகள் அல்ல. இவற்றால் ஆதாயம் அடைந்தவர்கள் உண்டு. தோலே கவசம் என்று தொழிலாளி நம்பிவிட்டால் கையுறைக்கும் பூட்ஸுக்கும் செலவு இல்லை. வயல் ஓரத்தில் தண்ணீர்க் குழாய் வேண்டாம். இரத்தப் பரிசோதனை வேண்டாம். தலை சுற்றி விழுந்தவரிடம் "காலையில சாப்பிடாம வந்திருப்பே" என்று சொல்லி அனுப்பிவிடலாம். அதனால் இந்த நம்பிக்கையை ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் பார்த்து மறுக்க வேண்டியிருக்கிறது.

தோலின் பெருமையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. வளர்ந்த ஒருவருடைய தோலின் பரப்பு ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர். அதன் மேற்படலம் உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றோ இரண்டோ பங்குதான் தடிமன் உடையது. தட்டையாகிச் செத்த செல்கள் பதினைந்து, இருபது அடுக்குகளாகப் படிந்து, அவற்றுக்கிடையே கொழுப்புப் பொருள்கள் நிரம்பி உருவான படலம் அது. செல்கள் செங்கல் என்றால் இடையிலுள்ள கொழுப்பு சாந்து என்று தோல் ஆய்வாளர்கள் விளக்குவார்கள். உடலின் ஈரம் வெளியே ஆவியாகிவிடாமல் காப்பது இந்த மெல்லிய சுவர்தான். உடலில் பெரும்பகுதி தீயில் வெந்தவர்களைப் பார்த்த மருத்துவர்களுக்கு இதன் அருமை தெரியும். தோல் போன இடத்தில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், கிருமி நுழையும், உடல் சூடு நிலைகொள்ளாது. நோயாளியின் உயிருக்குப் போராட வேண்டிவருவது இவற்றால்தான்.

இன்னும் உண்டு. தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. பல கிருமிகளுக்கு அது ஒத்துவராது. வியர்வையிலேயே கிருமியைக் கொல்லும் ஒரு புரதத் துணுக்கு இருப்பதை 2001இல் கண்டறிந்தார்கள். மெலனின் நிறமி செல்லின் கருவுக்கு மேலே குவிந்து நின்று, வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து மரபணுவைக் காக்கிறது. கீழடுக்கில் பிறக்கும் செல் மேலேறிச் செத்து உதிர, பழைய தோலின் இடத்தில் புதுத்தோல் வர, சுமார் நான்கு வாரம் போதும்.

ஆனால் இந்த ஏற்பாடு எதை எதிர்த்து உருவானது என்று பார்க்க வேண்டும். நீர், கிருமி, வெயில், உராய்வு: பல லட்சம் ஆண்டுகளாக மனித உடல் சந்தித்த எதிரிகள் இவை. பாராத்தியான் என்ற பூச்சிக்கொல்லி 1940களில் ஜெர்மானிய வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடரின் ஆய்வகத்தில் பிறந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 1962இல் சந்தைக்கு வந்தது. நேற்றுப் பிறந்த இந்தப் பொருள்களைத் தடுக்கத் தோல் எங்கே கற்றுக்கொண்டிருக்கும்?

தோலின் பலவீனம் அதன் பலத்திலேயே இருக்கிறது. சாந்து கொழுப்பால் ஆனது என்பதால்தான் தண்ணீர் நுழைவதில்லை. அதே காரணத்தால், கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகளுக்கு அது வழிவிடுகிறது. மூலக்கூறு எடை 500க்குக் கீழே இருந்தால் தோல் வழியே நுழைய வாய்ப்புண்டு என்பது மருந்தியலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாராத்தியானின் எடை சுமார் 291. தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் நெடுங்காலம் புழங்கிய குளோர்பைரிபாஸின் எடை சுமார் 351. இரண்டும் கொழுப்பில் கரைபவை.

இதற்கு ஆய்வகத்துக்குப் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. ஜொகூர் பாருவில் எந்தப் பெரிய மருந்துக்கடையிலும் புகைப்பழக்கத்தை விடுவதற்கான நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை கிடைக்கும். தோளில் ஒட்டிக்கொண்டால் நாள் முழுக்க நிக்கோட்டின் இரத்தத்தில் ஏறுகிறது. பயண வாந்தியை நிறுத்தக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை 1979இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. தோல் எதையும் உள்ளே விடாது என்பது உண்மையானால் இந்தப் பட்டைகளை யாரும் தயாரிக்கவே மாட்டார்கள். மருத்துவர் ஒட்டும் மருந்துக்குத் திறக்கும் தோல், மண்டோர் கலக்கும் மருந்துக்கு மட்டும் மூடிக்கொள்ளாது.

அடுத்த பேச்சு: "கையெல்லாம் காய்ச்சுப்போச்சு, இனிமே ஒண்ணும் ஏறாது." இதற்கு நேரான பதில் 1971இல் அமெரிக்க ஆய்வாளர் ஹோவர்ட் மைபாக்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் கிடைக்கிறது. தன்னார்வலர்களின் உடலில் வெவ்வேறு இடங்களில் கதிரியக்க அடையாளமிட்ட பாராத்தியானை மிகச் சிறிய அளவில் தடவி, எவ்வளவு உள்ளே ஏறுகிறது என்று சிறுநீர் வழியே அளந்தார்கள். முன்கையில் ஏறியது சுமார் 8.6 விழுக்காடு. தோல் மிகத் தடிமனாக இருக்கும் உள்ளங்கையில் 11.8 விழுக்காடு. தடிமன் கூடியும் வரவு குறையவில்லை. நெற்றியில் 36, தலையில் 32, அக்குளில் 64 விழுக்காடு. விதைப்பையில் தடவியது ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விட்டது.

பம்பு சுமந்து மருந்து அடிப்பவரின் உடலோடு இந்தக் கணக்கைப் பொருத்திப் பாருங்கள். காற்று திரும்பினால் மருந்துப் பனி படிவது நெற்றியில். பம்பின் மூடி கசிந்தால் வழிவது முதுகிலும் இடுப்பிலும். அங்கிருந்து நனைவது உள்ளாடை. தலையில் கட்டிய துண்டால்தான் முகத்து வியர்வையைத் துடைப்பார்கள். அந்தத் துண்டிலும் மருந்து இருக்கும். உடலில் எந்தெந்த இடத்தில் தோல் அதிகமாக வழிவிடுமோ, அந்த இடங்களில்தான் மருந்து அதிகமாகப் படுகிறது.

பழகிப்போவது பற்றியும் ஒரு வார்த்தை. தோலின் நோயெதிர்ப்புச் செல்கள் ஒரு பொருளை ஒருமுறை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால், அடுத்த முறை சிறிதளவு பட்டாலும் கொப்பளமும் அரிப்புமாக வெடிக்கும். பாராத்தியான் வகை மருந்துகள் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அமைப்பில் கைவைக்கின்றன. கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அவை முடக்கிவிடும். இன்று முடங்கியது மீள்வதற்குள் நாளை மீண்டும் மருந்து ஏறினால் இழப்பு கூடிக்கொண்டே போகும். உடம்பு பழகுகிறது என்று தொழிலாளி நினைத்துக்கொண்டிருக்கும் நாள்களில் உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பாராகுவாட் பற்றியது. இது நீரில் கரைவது, மின்னேற்றம் கொண்டது, கொழுப்புச் சாந்தைக் கடந்து எளிதில் போகாது. 1984இல் வெளியான ஓர் ஆய்வில் மனிதத் தோல் வழியே ஏறியது சுமார் 0.3 விழுக்காடுதான். உற்பத்தியாளர்கள் பல ஆண்டுகளாகக் காட்டிவந்த சமாதானம் இது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அது ஆய்வுச் சூழலில் அளந்த, காயமில்லாத தோல். செம்பனை மட்டையின் முள் கீறிய கை எங்கே, லாலான் புல் அறுத்த கணுக்கால் எங்கே? அதோடு பாராகுவாட்டே தோலை அரிக்கும் தன்மை கொண்டது. கெட்டியான கரைசல் பட்ட இடம் வெந்து புண்ணாகும், நகம் நிறம் மாறிக் கழன்றுவிடும். தனக்கு வேண்டிய கதவை அது தானே உடைத்துக்கொள்கிறது. பப்புவா நியூ கினியில் தோல் வழியே பாராகுவாட் ஏறி மரணங்கள் நிகழ்ந்ததை 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. யாரும் குடிக்கவில்லை.

ஜொகூரின் தட்பவெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பகலில் 32 பாகை வெப்பம், ஆண்டு முழுக்க ஈரக் காற்று. வெப்பம் ஏறினால் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடும். வியர்வையில் ஊறிய மேற்படலம் தளரும். இரண்டுமே பல வேதிப்பொருள்களின் வரவைக் கூட்டுபவை. இங்கேதான் "முழுக்கைச் சட்டை போட்டா போதும்" என்ற அறிவுரையும் தடுக்கி விழுகிறது. மருந்தில் நனைந்த பருத்திச் சட்டை காப்பதில்லை; மருந்தைத் தோலோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நனைந்த சட்டையோடு மதியம் வரை நிற்பது, தோலின்மேல் மருந்துக் கட்டுப் போட்டுக்கொள்வதற்குச் சமம். கையுறைக்கு உள்ளே மருந்து புகுந்துவிட்டாலும் அதே கதைதான். வேலைக்கு முன் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வதும் காப்பாகாது. கொழுப்பில் கரையும் மருந்து எண்ணெயில் தாராளமாகக் கரையும்.

"நம்ம கறுத்த தோலு தாங்கும்" என்ற பேச்சுக்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. மெலனின் வெயிலைத் தடுக்கும். வேதிப்பொருளைத் தடுப்பது அதன் வேலை அல்ல. தமிழன் வெயிலுக்கும் காட்டுக்கும் பிறந்தவன் என்று தோட்டத் துரைமார் காலத்தில் எழுந்த எண்ணத்தின் மிச்சம் இது. அந்த எண்ணத்தைத் தமிழர் தங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

தோல் வழியே நஞ்சேறும் உண்மை மருத்துவத்துக்குப் புதிதும் அல்ல. 1775இலேயே லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதற்குத் தோல் மடிப்பில் தங்கும் கரியே காரணம் என்று எழுதினார். தொழிலையும் புற்றுநோயையும் இணைத்த முதல் சான்றுகளுள் அது ஒன்று. 1996 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி வேதியியல் பேராசிரியை கேரன் வெட்டர்ஹான் கையுறை அணிந்தே ஆய்வு செய்துகொண்டிருந்தார். டைமெத்தில் பாதரசம் சில துளிகள் கையுறையின்மேல் சிந்தின. இரப்பர் கையுறையையும் தோலையும் கடந்து அது உள்ளே போயிற்று. 1997 ஜூனில் அவர் இறந்தார். வேதியியல் அறிந்த பேராசிரியைக்கே தன் கையுறை காக்காது என்பது அன்று தெரிந்திருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே கிழிந்த கையுறையோடு மருந்து கலக்கும் தொழிலாளியிடம் கவனக்குறைவு என்று குற்றம் சாட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

இந்தியாவிலிருந்து இன்னொரு சான்று. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திச் செடிக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலிகளும் நூற்றுக்கணக்கில் மருத்துவமனைக்கு வந்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் தற்கொலை செய்துகொள்ளக் குடித்தவர்கள் அல்லர், வேலை செய்தவர்கள். அந்த ஆண்டு ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த செடிகளுக்கிடையே நின்று அடித்தபோது, மருந்து அவர்கள் தோலிலும் மூச்சிலும் ஏறியது.

மூச்சு வழியே வரும் நஞ்சுக்கு நாடு உடனே விழித்துக்கொள்கிறது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவைக் கொட்டியபோது பள்ளிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஜொகூர் மறக்காத நாள்கள் அவை. தோல் வழியே வரும் நஞ்சுக்கு அப்படி ஒரு காட்சி கிடையாது. மணம் இல்லாமலும், எரிச்சல்கூட இல்லாமலும் அது ஏறும். மாலையில் தலைவலி, மறுநாள் வாந்தி, சில வாரத்தில் கை நடுக்கம். கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரை கிடைக்கும். "என்ன வேலை செய்யறீங்க?" என்ற கேள்வி வராது. காட்சி இல்லாத நஞ்சுக்கு ஆள் தேடி வராததால்தான் "மேல பட்டா ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சு இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறது.

காட்சி இல்லை என்றாலும் சாட்சிகள் இருந்தார்கள். ஐரின் பெர்னாண்டஸ் நிறுவிய தெனகானித்தா அமைப்பும், பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் இணைந்து 2002இல் தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வறிக்கையை வெளியிட்டன. தலைச்சுற்றல், வாந்தி, தோல் அரிப்பு, கண் எரிச்சல், மார்பு இறுக்கம் என்று அந்தப் பெண்கள் சொன்னவை அதில் பதிவாயின. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நீக்கப்போவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல். குளோர்பைரிபாஸ் மீதான தடை 2023இல்தான் வந்தது. 2002க்கும் 2020க்கும் இடையில் அந்தப் பெண்களின் கைகளில் பட்ட மருந்துக்கு யார் பொறுப்பு?

"முறையாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை" என்பதே அந்த இடைவெளிக் காலத்தில் ஓயாமல் கேட்ட பதில். முறை என்றால் என்ன? நண்பகல் வெயிலில் நீர் புகாத அங்கி, முகக்கவசம், நீண்ட கையுறை, பூட்ஸ் அணிந்து மலைச்சரிவில் ஏறி இறங்குவது. அப்படி ஒருவர் சில மணி நேரம் வேலை செய்தால் மருந்துக்குத் தப்பி வெப்பத் தாக்குக்கு ஆளாவார். அங்கியைக் கழற்றினால் வெப்பத்துக்குத் தப்பி மருந்துக்கு ஆளாவார். எந்தப் பொருளை முறையாகப் பயன்படுத்த இந்தத் தட்பவெப்பம் இடம் கொடுக்காதோ, அந்தப் பொருள் இந்த நாட்டுக்கு ஏற்றதல்ல. நச்சுத்தன்மை மிகுந்ததை நீக்கு, இல்லையேல் குறைந்ததற்கு மாறு, கலக்கும் வேலையை மூடிய கருவியிடம் விடு, கடைசியில் அங்கி கொடு: தொழில் பாதுகாப்பு இயலின் வரிசை இது. தோட்டங்களில் அந்த வரிசை தலைகீழாக நடந்துவந்திருக்கிறது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. பாதுகாப்புக் கருவிக்கான செலவைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உடல்நலத்துக்குக் கேடான வேதிப்பொருள்கள் பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகள், வேலையிடத்து அபாயத்தை எழுத்தில் மதிப்பிட வேண்டும், தேவையான இடத்தில் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்கின்றன. தொழில்நோய்க்கு இழப்பீடு தர 1969ஆம் ஆண்டின் சொக்சோ சட்டம் இருக்கிறது. 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களும் அதன் வேலைப் பேரிடர்த் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

இந்தக் கடைசி விவரம் தமிழ் வாசகருக்கு முக்கியம். தோட்டங்களைவிட்டுத் தமிழர் பலர் ஸ்கூடாய்க்கும் கூலாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் இடம்பெயர்ந்துவிட்டார்கள். அவர்கள் இறக்கி வைத்த பம்பை இன்று பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் சுமக்கிறார்கள். "தோல் தாங்கும்" என்ற பேச்சு இப்போது அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. தோட்டத்தில் மேற்பார்வை செய்யும் இடத்திலும், கிளினிக்கில் மருந்து எழுதும் இடத்திலும், தொழிற்சங்கத்திலும் தமிழர் இருக்கிறார்கள். தங்கள் தாய்மார் அனுபவித்ததை இன்னொரு நாட்டுத் தாய்க்கும் மகனுக்கும் நேரவிடாமல் தடுக்கும் நிலையில் இருப்பவர்கள் அவர்கள்.

செய்ய வேண்டியவை எளியவை. மருந்து கலக்கும் இடத்திலேயே சோப்பும் ஓடும் தண்ணீரும் இருக்க வேண்டும். மேலே சிந்திய உடனே உடையைக் கழற்றிக் கழுவினால் ஏறும் அளவு குறையும். வீட்டுக்குப் போய்க் குளிப்பதற்குள் காலம் கடந்துவிடும். வேலை உடையைத் தோட்டமே துவைக்க வேண்டும். பிள்ளைகளின் துணியோடு அது ஒரே வாளியில் ஊறக் கூடாது. பாராத்தியான் வகை மருந்துகளைக் கையாள்பவர்களுக்கு வேலை தொடங்கும் முன்பும் பிறகு முறையாகவும் கோலினெஸ்டரேஸ் பரிசோதனை நடக்க வேண்டும். கையில் புண் உள்ளவரை மருந்து கலக்க அனுப்பக் கூடாது. பயிற்சி அந்தத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

குடும்பத்தில் யாராவது முன்பு மருந்து அடித்தவராக இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த வேலையைப் பற்றியும் எத்தனை ஆண்டு செய்தார் என்பது பற்றியும் சொல்லச் சொல்லுங்கள்; மருத்துவக் குறிப்பில் எழுதவும் கேளுங்கள். இன்று பம்பு சுமப்பவரை அறிந்தவர்கள் அவருடைய தோட்டத்தில் வேதிப்பொருள் அபாய மதிப்பீடு நடந்திருக்கிறதா என்று நிர்வாகத்திடம் விசாரியுங்கள். பதில் வராவிட்டால் தொழில்சார் பாதுகாப்பு சுகாதாரத் துறையின் ஜொகூர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.